‘சேம் லேஅவுட்’ என்றொரு கட்டளை

சிங்கப்பூரில் ஒரு தமிழ்ப் பிழை கண்ணில் பட்டால் அடுத்து என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஒருவர் கைப்பேசியில் படம் எடுப்பார். மதியத்துக்குள் அது பத்து வாட்ஸ்அப் குழுக்களைச் சுற்றி வந்துவிடும். “தமிழைக் கொல்றாங்க” என்பார் ஒருவர். “ஒரு தமிழாசிரியரைக் கேட்டிருக்கக் கூடாதா?” என்பார் இன்னொருவர். “மொழிபெயர்த்தது யாரு?” என்பார் மூன்றாமவர். மாலையில் சம்பந்தப்பட்ட அமைப்பு மன்னிப்புக் கேட்கும். பலகையைக் கழற்றுவார்கள், இல்லையென்றால் மேலே ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். நாமும் மொழியைக் காப்பாற்றிவிட்ட திருப்தியோடு தூங்கப் போவோம்.

கோபம் நியாயம்தான். ஆனால் எல்லாப் பிழையையும் ஒரே மூட்டையில் கட்டுகிறோம். 2014இல் லாவ் பா சாட் உணவு நிலையத்துக்கான பலகையில் தமிழில் ‘லாவ் பா சனி’ என்று வந்தது. ‘சாட்’ என்பதைச் சனிக்கிழமையின் ஆங்கிலச் சுருக்கம் என்று எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு அது. 2017இல் தேசிய தின அணிவகுப்பின் விளம்பரக் கையேட்டில் தமிழ் வாசகம் சிதைந்து அச்சாகி, ஏற்பாட்டுக் குழு மன்னிப்புக் கேட்டது. இரண்டுக்கும் நாம் காட்டிய கோபம் ஒன்றுதான். ஆனால் இவை ஒரே வகைப் பிழைகள் இல்லை. முதலாவதில் உடைந்தது பொருள். இரண்டாவதில் உடைந்தது எழுத்து. பொருள் உடைந்தால் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம். எழுத்து உடைந்தால் யாரைக் கேட்பது? மொழிபெயர்ப்பாளர் சரியாக எழுதிக் கொடுத்த வாக்கியம், அவர் கையை விட்டுப் போன பிறகும் சாகலாம். எங்கே, எப்படிச் சாகிறது என்று நாம் கேட்பதே இல்லை.

பெரும்பாலும் அது சாகும் இடம் ஒரு பிடிஎஃப் கோப்பு. சாகடிக்கும் கட்டளை இரண்டே சொல்: “சேம் லேஅவுட்.”

நான் இயந்திரப் பொறியாளர். உள்ளூர்ப் பல்கலைக்கழகத்தில் படித்து, நான்கு ஆண்டுகளாகக் கட்டுமானத் தளங்களில் குழாய், பம்ப், தொட்டி என்று சுற்றிக்கொண்டிருப்பவன். மொழிபெயர்ப்பு என் வேலை இல்லை. ஆனால் அலுவலகத்தில் தமிழ் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் நான். அதனால் பாதுகாப்பு ஆவணம் எது தமிழுக்குப் போனாலும் கடைசியில் என் மேசைக்கு வரும். “யூ ஆர் தமிழ், ரைட்? ஜஸ்ட் செக் லா, டூ மினிட்ஸ் ஒன்லி.” அந்த இரண்டு நிமிடம் இரவு பத்து மணி வரை நீளும். ஏன் நீள்கிறது என்பதைச் சொல்ல, பிடிஎஃப்புக்குள் என்ன இருக்கிறது என்று கொஞ்சம் பார்க்க வேண்டும். இலக்கிய இதழில் இது எதற்கு என்று நினைப்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வீட்டுச் சங்கதிக்கும் வருகிறேன்.

அடோபி நிறுவனத்தின் ஜான் வார்னாக் 1991இல் எழுதிய ஒரு திட்டக் குறிப்பிலிருந்து பிறந்தது பிடிஎஃப். 1993இல் வெளிவந்தது, 2008இல் ஐஎஸ்ஓ தரமானது. அதன் நோக்கம் ஒன்றுதான். எந்தக் கணினியில் திறந்தாலும், எந்த அச்சுப்பொறியில் அடித்தாலும் பக்கம் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அந்த வேலையை அது அருமையாகச் செய்கிறது, அதில் எனக்குச் சண்டை இல்லை. ஆனால் அதற்காக அது எதை விட்டுக்கொடுத்தது என்று பாருங்கள். பிடிஎஃப்புக்குள் பத்தி கிடையாது. வாக்கியம் கிடையாது. கறாராகச் சொன்னால் சொல்கூடக் கிடையாது. ‘இந்த எழுத்துருவின் இந்த வடிவத்தைப் பக்கத்தின் இந்தப் புள்ளியில் வை’ என்ற கட்டளைகள்தான் வரிசையாக இருக்கும். நமக்குப் பத்தியாகத் தெரிவது, கண் தானாகச் சேர்த்துக்கொள்வது. தலைப்பு எது, பத்தி எது என்று அடையாளமிடும் வசதி 2001இல் வந்த பதிப்பிலேயே சேர்ந்துவிட்டது. ஆனால் என் மேசைக்கு வரும் கோப்புகளில் அதைப் பார்ப்பது அபூர்வம். பிடிஎஃப் என்பது திரையில் தெரியும் காகிதம். காகிதத்தை மொழிபெயர்க்கச் சொல்கிறார்கள், காகிதம் கசங்கக் கூடாது என்றும் சொல்கிறார்கள்.

ஆங்கிலத்துக்கு இதனால் பெரிய நட்டமில்லை. எழுத்துகள் இடமிருந்து வலமாக ஒன்றன்பின் ஒன்றாக நிற்பவை, பொறுக்கி எடுத்தால் சொல் கிடைத்துவிடும். தமிழில் கதை வேறு. ‘வேலை’ என்ற சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். யூனிகோடில் அது உச்சரிக்கும் வரிசையில் இருக்கிறது: வ, ஏகாரக் குறி, ல, ஐகாரக் குறி. பக்கத்தில் வரையும்போது இரட்டைக் கொம்பு வகரத்துக்கு முன்னால் போகும், ஐகாரக் கொம்பு லகரத்துக்கு முன்னால் போகும். பிடிஎஃப்புக்குத் தெரிந்தது வரைந்த வரிசை மட்டும். அதைப் பிரதி எடுத்து ஒட்டினால் பல நேரம் ‘ேவைல’ என்று வரும். ‘கொ’ இன்னும் பாவம். கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டாகிவிடும். இந்தச் சிதறலைத்தான் மொழிபெயர்ப்பு மென்பொருள் ‘தமிழ்’ என்று எடுத்துக்கொள்கிறது.

தலைகீழ்த் திசையிலும் இதே கூத்து. ஆங்கிலப் பிடிஎஃப்பைத் தமிழாக்கித் திரும்பப் பக்கத்தில் வைக்கும்போது, கொம்பை முன்னால் நகர்த்தும் வேலையை மென்பொருள் செய்ய வேண்டும். செய்யத் தெரியாதவை இன்னும் நிறைய உண்டு. டிசைனர்கள் பயன்படுத்தும் இன்டிசைனிலேயே தமிழுக்கென்று ‘வேர்ல்ட் ரெடி கம்போசர்’ என்ற அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். வழக்கமான அமைப்பிலேயே விட்டுவிட்டால் கொம்புகள் எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். வீரமாமுனிவர் ஏகாரத்துக்கு இரட்டைக் கொம்பு கொடுத்தார் என்று பள்ளியில் படித்தோமே, அந்தக் கொம்பு எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று தமிழ் தெரியாத டிசைனருக்கு யார் சொல்வது? அவர் கண்ணுக்கு இரண்டும் ஒரே மாதிரி சுழியான எழுத்துதான். அவரைத் திட்டி என்ன பயன்? எனக்குத் தாய்லாந்து எழுத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் தெரியாது.

சரி, எழுத்து உடையாமல் வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அடுத்தது இடம்.

‘டூ நாட் எண்டர்’ என்பதை ஆங்கிலத்தில் எழுதி எண்ணிப் பாருங்கள், பத்து எழுத்து. ‘உள்ளே நுழையக் கூடாது’ என்பதையும் எண்ணுங்கள், அதுவும் பத்து. எண்ணிக்கையில் சமம், அகலத்தில் சமமில்லை. ளே, ழை, டா எல்லாம் ஓர் எழுத்து, இரண்டு வடிவம். நீளமும் போகட்டும், உயரமும் இருக்கிறது. மேலே புள்ளி, கீழே உகரச் சுழிகள். வரிக்கும் வரிக்கும் ஆங்கிலத்தைவிட அதிக இடைவெளி விடாவிட்டால் மேல் வரியின் சுழி கீழ் வரியின் புள்ளியில் இடிக்கும். ஆங்கிலத்துக்கு அளவெடுத்துத் தைத்த பெட்டிக்குள் இந்த வாக்கியம் போகாது. போகாவிட்டால் மென்பொருள் என்ன செய்யும்? எழுத்தைச் சுருக்கும். அப்படியும் அடங்காவிட்டால் மிச்சத்தை மறைத்துவிடும்.

இங்கேதான் நான் சொல்ல வந்த விஷயம் இருக்கிறது.

எங்கள் தளத்தில் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்வதற்கான நடைமுறை ஆவணம் ஒன்று. மூடிய தொட்டிக்குள் இறங்குவது விளையாட்டில்லை. உள்ளே ஆக்ஸிஜன் 19.5 முதல் 23.5 விழுக்காட்டுக்குள் இருக்கிறதா, எரியும் வாயு இருக்கிறதா, நச்சு வாயு இருக்கிறதா என்று அளந்து பார்த்து, அனுமதிச் சீட்டில் கையெழுத்தாகி, அது தொட்டி வாயில் மாட்டப்பட்ட பிறகுதான் ஆள் இறங்க வேண்டும். 2009ஆம் ஆண்டின் விதிமுறைகள் இதற்கென்றே இருக்கின்றன. ஆங்கில ஆவணத்தில் ஒரு குறுகிய பத்தியில் அந்த வாக்கியம் மூன்று வரியாக மடிந்திருந்தது. முதல் வரி, தொட்டிக்குள் நுழையாதே. இரண்டாவது, வாயுச் சோதனை முடியும் வரை. மூன்றாவது, அனுமதிச் சீட்டு மாட்டப்படும் வரை.

முதலில் ஒரு மென்பொருள் வழியாகப் போனது. பக்க அமைப்பு மாறாமல் மொழிபெயர்க்கும் என்ற பெருமையோடு விற்கப்படுவது. அது ஒவ்வொரு வரியையும் தனித்தனிப் பெட்டியாக எடுத்துக்கொண்டு, ‘தொட்டியை உள்ளிட வேண்டாம்’ என்று ஒரு வரி, ‘வாயு சரிபார்ப்பு முழுமையடையும் வரை’ என்று ஒரு வரி, ‘மற்றும் அனுமதி காட்டப்படுகிறது’ என்று ஒரு வரி கொடுத்தது. மூன்றும் தனித்தனியாகப் பார்த்தால் தமிழ் மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் கடைசியில் வருவது தமிழில் முதலில் வர வேண்டும். வரி வரியாக வெட்டியவனுக்கு அந்த வழியே இல்லை. நான் உட்கார்ந்து திருத்தினேன்: ‘வாயுச் சோதனை முடிந்து அனுமதிச் சீட்டு மாட்டப்படும் வரை தொட்டிக்குள் இறங்கக் கூடாது.’ டிசைன் செய்யும் வெளி நிறுவனத்துக்கு அனுப்பினார்கள். கூடவே அந்தக் கட்டளையும் போனது. சேம் லேஅவுட்.

ஏ3 தாளில் வண்ணத்தில் அடித்து, லேமினேட் செய்து, தொட்டிக்குப் பக்கத்தில் மாட்டியும்விட்டார்கள். இரண்டு நாள் கழித்து ஓர் அண்ணன், புதுக்கோட்டைக்காரர், பதினைந்து வருடமாக இந்த ஊரில் வேலை செய்பவர், என்னைக் கூப்பிட்டார்.

“தம்பி, இதக் கொஞ்சம் படிங்க. எறங்கணுங்குதா, எறங்கக் கூடாதுங்குதா?”

படித்தேன். ‘வாயுச் சோதனை முடிந்து அனுமதிச் சீட்டு மாட்டப்படும் வரை தொட்டிக்குள் இறங்கக்’. அவ்வளவுதான் இருந்தது. ‘கூடாது’ நான்காவது வரிக்குப் போயிருக்கிறது. பெட்டியில் மூன்று வரிக்குத்தான் இடம். இன்டிசைனில் பெட்டிக்குள் அடங்காத எழுத்து கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும், மூலையில் ஒரு சின்னச் சிவப்புக் கூட்டல் குறி மட்டும் நிற்கும். அதைப் பார்க்காமல் பிடிஎஃப் ஆக்கினால் அந்தக் குறியும் போய்விடும்.

“எங்களுக்குத் தெரியும் தம்பி, பழக்கத்துல பாத்துக்குவோம். நேத்து வந்தவன் இதப் படிச்சா என்னத்த வெளங்கும்?” என்றார் அவர். அன்று மாலையே பலகையைக் கழற்றினோம். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகாததால் இது ஒரு விபத்தாகவோ ‘நியர் மிஸ்’ஸாகவோகூட எங்கும் பதிவாகவில்லை. அலுவலகக் கணக்கில் இதன் பெயர் ‘டைப்போ’.

இது டைப்போ இல்லை. ஆங்கிலத்தில் தடை முதலில் வரும். மலாயில் ‘ஜாங்கான்’ என்றோ ‘டிலாராங்’ என்றோ வாக்கியம் தொடங்கும்போதே தெரிந்துவிடும். சீனத்திலும் எச்சரிக்கைப் பலகையில் தடைச்சொல் தலையில்தான். தமிழில் மட்டும் தடை வாலில். கூடாது, வேண்டாம், இல்லை, அல்ல, முடியாது எல்லாம் கடைசிச் சொற்கள். ஒரு வாக்கியத்தின் வால் வெட்டுப்பட்டால் மற்ற மூன்று மொழிகளில் தடை தப்பிவிடும், நிபந்தனைதான் குறையும். தமிழில் தடையே போய்விடும். சில நேரம் நேர் எதிரான பொருள் நிற்கும். தளத்தில் எங்களோடு வேலை செய்யும் பங்களாதேஷ் ஊழியர்களுக்கும் இதே கதிதான், வங்காளத்திலும் ‘நா’ கடைசியில்தான் வரும். ஆகவே பெட்டி எல்லா மொழிக்கும் பொது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தப் பெட்டி ஒரு மொழியின் இலக்கணத்தை வைத்துக் கட்டப்பட்டது.

அரசியலமைப்புச் சட்டத்தின் 153ஏ பிரிவு மலாய், மாண்டரின், தமிழ், ஆங்கிலம் நான்கையும் அதிகாரத்துவ மொழிகள் என்கிறது. சமத்துவம் என்றதும் நம் ஊரில் உடனே செய்வது நான்கு சம அளவுப் பெட்டி போடுவது. சீனத்துக்குப் பெட்டியில் பாதி காலியாக இருக்கும், பெரிய எழுத்தில் கம்பீரமாக நிற்கும். தமிழ் மூச்சுத் திணறி, எறும்பு ஊர்வதுபோல் ஓரத்தில் கிடக்கும். அப்புறம் நம்மவர்களே சொல்வார்கள், “தமிழ் ரொம்ப நீளம்பா, படிக்கவே கஷ்டம்.” நீளம் தமிழின் குற்றமா? ஆறு புள்ளி அளவில் எதை அடித்தாலும் படிக்கக் கஷ்டம்தான்.

என் தொழிலில் இதற்கு நேரான ஒரு விஷயம் உண்டு. எஃகு வெயிலில் விரியும். அதனால் பாலத்தில் இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள். விடாமல் கட்டிவிட்டு ‘எஃகு ஏன் விரிகிறது’ என்று எஃகைக் கோபித்துக்கொள்ளும் பொறியாளரை நான் பார்த்ததில்லை. இன்னொன்று, ஒரு வரைபடத்தில் குழாயின் பாதையை மாற்ற வேண்டுமென்றால் யாரும் பிடிஎஃப்பை அனுப்பி அதன்மேல் மாற்று என்று சொல்ல மாட்டார்கள். டிடபிள்யூஜி கோப்பைக் கொடுப்பார்கள். மூலக் கோப்பு இல்லாமல் வரைபடத்தைத் தொடு என்று சொன்னால் எங்கள் டிராஃப்டரே சிரிப்பார். அதே அலுவலகம், அதே ஆட்கள், தமிழுக்கு மட்டும் பிடிஎஃப்பை நீட்டுகிறார்கள். வேர்ட் கோப்பு கேட்டால், இன்டிசைன் கோப்பு கேட்டால், “ஒய் யூ நீட்? ஜஸ்ட் சேஞ்ச் தி வேர்ட்ஸ் லா.” குழாய்க்கு இருக்கும் மரியாதை வாக்கியத்துக்கு இல்லை.

எதிர்த்தரப்பில் ஒரு நியாயம் இருக்கிறது, மறைக்கக் கூடாது. ஏழாம் பக்கத்தின் மூன்றாம் படியை மேற்பார்வையாளர் ஆங்கிலத்தில் காட்டினால், ஊழியர் கையிலுள்ள தமிழ்த் தாளிலும் அது அதே எண்ணில் இருக்க வேண்டும். படத்தில் ‘4’ என்று அம்பு காட்டும் வால்வு, வாக்கியத்திலும் ‘4’ஆக இருக்க வேண்டும். தணிக்கைக்கு வருகிறவர் நான்கு மொழியையும் அருகருகே வைத்துச் சரிபார்க்க வேண்டும். இதெல்லாம் உயிர் சம்பந்தப்பட்டது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இவற்றுக்குத் தேவை படி எண், பட எண், தலைப்பு வரிசை. பெட்டியின் அகலம் இல்லை. எண்ணைக் காப்பாற்றுங்கள், பெட்டியை விடுங்கள். ஏழாம் பக்கம் தமிழில் எட்டாம் பக்கத்துக்கு வழிந்தால் வானம் இடிந்துவிடாது. ‘லேஅவுட்’ என்று சொல்லும்போது இவர்கள் காப்பாற்ற நினைப்பது ஒழுங்கை இல்லை, அழகை. நான்கு தாளையும் சுவரில் மாட்டினால் ஒரே மாதிரி தெரிய வேண்டும். அந்தச் சுவரைப் புகைப்படம் எடுக்கிறவருக்குத் தமிழ் தெரியாது.

இப்போது செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது, இதெல்லாம் இன்னும் ஓராண்டில் சரியாகிவிடும் என்கிறார்கள். மொழிபெயர்ப்பு மேம்பட்டிருப்பது உண்மை. ‘தொட்டியை உள்ளிட வேண்டாம்’ போன்ற அபத்தங்கள் குறைந்திருக்கின்றன. எனக்குப் பயம் அதனால்தான். முன்பு தமிழ் கேவலமாக இருந்தது, அதனால் யாரையாவது கூப்பிட்டுக் காட்டினார்கள். இப்போது சரளமாக இருக்கிறது, யாரையும் கூப்பிடுவதில்லை. வாக்கியம் எவ்வளவு அழகாக வந்தாலும் அது போய் உட்காரும் பெட்டி அதே பெட்டிதான். வெட்டுப்பட்ட நல்ல வாக்கியம், வெட்டுப்பட்ட மோசமான வாக்கியத்தைவிடச் சுலபமாக ஏமாற்றும்.

இனி உங்கள் வீட்டுச் சங்கதி. இது அலுவலகச் சமாச்சாரம், சைட் சமாச்சாரம், இலக்கியத்துக்கு என்ன என்று நினைப்பவர்களுக்கு.

என் தோழி ஒருத்தி உள்ளூர்ச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்க்க ஆசைப்பட்டாள். எழுத்தாளர் மனமுவந்து நூலின் பிடிஎஃப்பை அனுப்பினார். நூல் சென்னையில் அச்சானது, பழைய எழுத்துருவில். நம் புத்தகங்களில் பல அப்படித்தான். திரையில் பார்த்தால் அழகான தமிழ். ஒரு பத்தியைப் பிரதி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்துகளின் குப்பை. பழைய எழுத்துருக்களின் ரகசியம் அது. ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்திருப்பார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்ற சொல்லுக்குக் கணினி அறிந்த பெயர் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அந்தப் பிடிஎஃப்பில் ஒரு கதாபாத்திரத்தின் பெயரைத் தேட முடியாது. அகராதியில் ஒட்ட முடியாது. பார்வையற்ற வாசகருக்குத் திரைவாசிப்பான் படித்துக் காட்டினால் உளறல்தான் கேட்கும். தோழி நாற்பது பக்கத்தையும் கையால் தட்டினாள். மொழிபெயர்ப்புக்கு ஆன நேரத்தில் பாதி தட்டச்சுக்குப் போனது.

இது நடப்பது எந்த ஊரில்? 1997இல் தமிழ்நெட் 97 மாநாட்டைக் கூட்டி, கணினியில் தமிழுக்குப் பொதுவான குறியீடு வேண்டும் என்று உலகத் தமிழரை உட்கார வைத்துப் பேசிய ஊரில். அதை முன்னின்று நடத்திய நா. கோவிந்தசாமி நம் ஊர் ஆசிரியர், கதை எழுதியவர். ஜொகூர் பாலத்துக்கு அந்தப் பக்கம் முரசு அஞ்சலும், பிறகு செல்லினமும் தந்த முத்து நெடுமாறன் இருக்கிறார். தமிழ் எழுத்தைக் கணினிக்குள் கொண்டுபோனதில் இந்த இரண்டு நாடுகளுக்கும் பெரிய பங்கு உண்டு. அவர்கள் வழிபோட்ட பிறகும், புத்தகம் போடும்போது ‘பிடிஎஃப் கொடுத்தால் போதும்’ என்று இருந்துவிடுகிறோம். எழுத்தாளரிடம் யூனிகோடுப் பிரதி இருக்கிறதா? பதிப்பாளரிடம் மூலக் கோப்பு இருக்கிறதா? அச்சகம் கணினியை மாற்றியபோது எல்லாம் போய்விட்டதா? வெளியீட்டு விழாவில் பொன்னாடை எத்தனை என்று தெரியும், இது தெரியாது.

மொழிபெயர்ப்பு அரங்குகளில் நாம் பேசுவதெல்லாம் மூலத்துக்கு விசுவாசம், வாசகருக்கு விசுவாசம், வட்டார வழக்கைக் கொண்டுவர முடியுமா, உவமையை எப்படிக் கடத்துவது என்பவைதான். நல்ல கேள்விகள். நானும் பின்வரிசையில் உட்கார்ந்து கேட்டிருக்கிறேன். ஆனால் இந்தத் தீவில் ஒரு நாளில் மிக அதிகம் பேர் படிக்கும் மொழிபெயர்ப்புத் தமிழ், நாவலில் இல்லை. மருந்துச் சீட்டில், டெங்கிப் பிரசுரத்தில், தங்குவிடுதிச் சுவரில், தொட்டி வாயில் இருக்கிறது. அங்கே விசுவாசம் மூலத்துக்கும் இல்லை, வாசகருக்கும் இல்லை. ஒரு செவ்வகத்துக்கு. அந்தச் செவ்வகத்தைப் பற்றி நம் அரங்குகளில் ஒரு கட்டுரைகூட வாசிக்கப்பட்டு நான் கேட்டதில்லை. சொல்லைப் பற்றி மட்டுமே அக்கறை கொண்டவர்களுக்குச் சொல் எங்கே வைக்கப்படுகிறது என்பது கீழான விஷயமாகத் தெரிகிறது போலும்.

பிழையைப் படம் எடுத்துப் போடுகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ‘மொழிபெயர்த்தது யாரு?’ என்று மட்டும் கேட்காதீர்கள். பக்கம் அமைத்தது யார், அவருக்குத் தமிழ் தெரியுமா, பிடிஎஃப் ஆன பிறகு தமிழ் தெரிந்த ஒருவர் பார்த்தாரா, மொழிபெயர்ப்பாளருக்கு மூலக் கோப்பைக் கொடுத்தார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வியை எந்த அமைப்பிடமும் கேட்கலாம், பதில் சொல்லத் தடுமாறுவார்கள்.

எங்கள் அலுவலகத்தில் ‘தமிழ் சரிபார்க்கப்பட்டது’ என்று ஒரு கட்டம் இருக்கிறது. முன்பு வேர்ட் கோப்பிலேயே கையெழுத்துப் போடச் சொல்வார்கள். இப்போது அச்சுக்குப் போகும் இறுதிப் பிடிஎஃப்பை, தாளில் அடித்து, சைட்டில் ஒருவரை உரக்கப் படிக்க வைத்த பிறகுதான் போடுகிறேன். பெரும்பாலும் அந்தப் புதுக்கோட்டை அண்ணன்தான் படிப்பார். “சார், ஃபைன் லா” என்று பாதியிலேயே நிறுத்தப் பார்ப்பார் சூப்பர்வைசர். கடைசிச் சொல் வரும்வரை நான் நிறுத்த விடுவதில்லை. இதனால் ஓர் ஆவணம் மூன்று நாள் தாமதமானது, என்னைப் பற்றி ஒரு மின்னஞ்சலும் போனது.

சென்ற மாதம் பாரம் தூக்கும் நடைமுறையைப் புதிதாக எழுதினார்கள். இந்த முறை டிசைனரோடு நானே உட்கார்ந்தேன், மலேசியச் சீனப் பெண், பொறுமைசாலி. முதலில் தமிழை வைத்தோம். அதற்கு வேண்டிய உயரத்துக்குப் பெட்டிகளை இழுத்தோம். பிறகுதான் ஆங்கிலமும் மற்றவையும். எந்தச் சொல்லும் வெட்டுப்படவில்லை. படி எண்கள் எல்லாம் ஒத்துப்போயின. ஆங்கிலப் பக்கத்தில் அங்கங்கே வெள்ளையாக இடம் கிடந்தது. அதைப் பார்த்த மேலாளர், “ஒய் லைக் தட், சோ எம்ப்டி?” என்றார். தமிழுக்கு அளவெடுத்தது என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். இந்த ஒரு தடவை இருக்கட்டும் என்றார்.

அடுத்து சாரக்கட்டு ஆவணம் வருகிறது, முப்பத்திரண்டு பக்கம். பிடிஎஃப் வந்துவிட்டது. மூலக் கோப்பு கேட்டு இரண்டு முறை எழுதியிருக்கிறேன்.